மட்டக்களப்பு வாவியிலும் அம்பாறைக் குளங்களிலும் விலாங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி மழை இறங்கி, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டுப்பட்டதும் கைபேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். கறுத்து நீண்ட, வழுவழுப்பான ஏதோ ஒன்று வரம்பில் கிடக்கும், அளவு காட்ட அருகில் ஒரு செருப்பு, கீழே "இது பாம்பா, மீனா? திங்கலாமா?" என்று ஒரு வரி. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்தும் வரும், சம்மாந்துறை வயல்வட்டையிலிருந்தும் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இங்கே விலாங்கு என்று சொல்வது அங்குயில்லா என்ற பேரினத்து மீனை: நன்னீரிலும் உவர்நீரிலும் வளர்ந்து, கடலுக்குப் போய் முட்டையிடும் மீன்.

பாம்பா, விலாங்கா? கையில் எடுக்காமல் எப்படிச் சொல்வது?

தலைக்குப் பின்னால் பாருங்கள். விலாங்குக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி சின்னச் செட்டை இருக்கும். அதற்குச் சற்று முன்னால் செவுள் வெடிப்பு. உலகத்தில் எந்தப் பாம்புக்கும் செட்டை கிடையாது. அடுத்தது முதுகு. விலாங்கின் முதுகுச் செட்டை, வால் செட்டை, அடிச் செட்டை மூன்றும் இடைவெளியின்றி ஒரே நாடாவாக வாலைச் சுற்றி ஓடும். தோலில் செதில் இருப்பது போலவே தெரியாது. உண்மையில் நுண்ணிய செதில்கள் உண்டு, ஆனால் தோலுக்குள் புதைந்து கிடப்பவை. பாம்பின் செதிலோ எட்ட நின்றாலே தெரியும்.

வாவிப் பக்கத்து ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடற்பாம்பு உவர்நீருக்குள்ளும் வரும். அதன் வால் துடுப்புப் போலத் தட்டையாக இருப்பதால் வலையில் சுருண்டு கிடக்கையில் விலாங்கென்று நினைத்து அவிழ்க்கப் போகிறவர்கள் உண்டு. அதன் கடி உயிர்க்கொல்லி. வால் தட்டையா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். காதுச் செட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் அது தெரியாவிட்டால் கையை வைக்காமல், வலையோடு கரைக்குக் கொண்டுவந்து ரோர்ச் அடித்துப் பார்க்கலாம். படம் எடுப்பதென்றாலும் தலையும் முதுகும் தெரிய எடுங்கள். வாலை மட்டும் அனுப்பினால் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாக விலாங்கைச் சொல்வார்கள். பாவம், அது இரண்டு முனையிலும் மீன்தான்.

ஆரலும் விலாங்கும் ஒன்றா?

இல்லை. ஆரலின் முதுகில் வரிசையாகக் கூர்முள் நிற்கும்; பின்வாட்டில் தடவினால் கை கிழியும். மூக்கும் கூராக நீண்டிருக்கும். அது நன்னீர் மீன், முட்டையிடக் கடலுக்குப் போகாது. ஆரல் ருசியில் விலாங்கைவிட மேல் என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வயற் சேற்றுக்குள், வேர்களுக்கடியில் காதுச் செட்டையே இல்லாத, முதுகுச் செட்டையும் பேருக்கு மட்டும் உள்ள ஒன்று கிடைத்தால் அது மூன்றாவது சாதி, சேற்று விலாங்கு. அதன் செவுள் வாய் தொண்டைக்குக் கீழே இருக்கும். இலங்கைக்கே உரிய ஒரு சேற்று விலாங்கு இனத்தை 1998 இல்தான் விஞ்ஞானிகள் பெயரிட்டு விவரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டாலும் அதற்கும் நாம் பேசும் விலாங்குக்கும் உறவு தூரம்.

எங்கட பக்கம் எத்தனை வகை விலாங்கு இருக்கு?

உலகில் அங்குயில்லா இனங்கள் 16. இலங்கையில் நன்கு அறியப்பட்டவை இரண்டு.

ஒன்று அங்குயில்லா பைகலர். புள்ளி, தேமல் எதுவும் இல்லை. மேலே எண்ணெய் பூசியது போன்ற பச்சை கலந்த கபிலம், வயிறு வெளுப்பு. 1844 இல் மக்லெலண்ட் என்ற ஆய்வாளர் விவரித்தது. வாவி, களப்பு, ஆற்றுவாய், கரையோரத்துக் குளம், வாய்க்கால் எல்லாம் இதன் ராச்சியம். தாழ்நிலத்தை விட்டு அதிகம் மேலே போகாது.

மற்றது அங்குயில்லா பெங்காலென்சிஸ். மஞ்சள் கலந்த உடம்பில் கருந்தேமல் படர்ந்திருக்கும். பழைய நூல்களில் நெபுலோசா என்ற பெயரில் இருப்பது இதுதான். இது ஆற்றோடு ஏறி மலைநாட்டு ஓடைகள் வரை போகிற சாதி. கல்லிடுக்கும் ஆழமான மடுவும் இதற்குப் பிடிக்கும்.

நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம். சேற்றில் கிடந்தது கறுக்கும், மணலில் கிடந்தது வெளிறும், தேமல் இனத்தின் குஞ்சுக்குத் தேமல் விழுந்திருக்காது. முதுகுச் செட்டை தொடங்கும் இடம்தான் நம்பகமான அடையாளம். பைகலரில் அது மலவாய்க்கு ஏறக்குறைய நேர் மேலே தொடங்கும். பெங்காலென்சிஸில் அதற்கு வெகு முன்னால், தலைப் பக்கமாகத் தொடங்கிவிடும். ஈர்க்குத் துண்டை மலவாயிலிருந்து செங்குத்தாக நிறுத்திப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும்.

எவ்வளவு பெரிதாக வளரும்?

பைகலர் கூடினால் ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர், அதாவது நாலடி. தூண்டிலிலும் வலையிலும் அகப்படுவது அதில் பாதியளவாக இருக்கும். பெங்காலென்சிஸ் இரண்டு மீற்றர் வரை போகும் என்று பதிவு உண்டு. ஆனால் ஒரு மீற்றரைத் தாண்டியதே பெரிய விலாங்கு என்று கொள்ளலாம்.

விலாங்கில் பெண்தான் பெரிது. ஆண் சிறியதாகவே நின்று முந்திக் கடலுக்குப் போய்விடும். பெண் பல ஆண்டு தங்கித் தின்று கொழுத்துப் பிறகுதான் புறப்படும். ஆகவே குளத்தில் கிடைக்கும் தொடைப் பருமன் விலாங்கு எதுவும் ஆணாக இருக்காது என்று பந்தயம் கட்டலாம்.

"ஆறடி விலாங்கு பிடிபட்டது" என்கிறார்களே, புளுகா?

எல்லாம் புளுகில்லை. ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, அளந்தார்களா? செத்த விலாங்கைத் தலையில் பிடித்துத் தூக்கினால் பார்வைக்கு நீளம் கூடித் தெரியும். நிலத்தில் நேராகக் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நாடா பிடிக்க வேண்டும். சாண் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

இரண்டாவது, அது எந்த மீன்? முகத்துவாரத்தை அண்டிப் பிடிபட்டு, உடம்பு வெள்ளி மின்னி, வாய் நீண்டு நாய்ப்பல் மாதிரிப் பல் தெரிந்தால் அது கடல் விலாங்கு. அந்த இனங்கள் ஆறடி வரை வளரக்கூடியவை, ஆற்றுவாய்க்குள்ளும் நுழையும். நன்னீர் விலாங்கின் பல் நுண்ணிய அரம் போன்றது, நாய்ப்பல் கிடையாது. ஆறடிக் கதைகளில் பல இந்த வாயைத் திறந்து பார்த்தால் முடிந்துபோகும்.

நன்னீர் விலாங்கென்கிறீர்கள். வாவித் தண்ணி உப்பல்லவா?

நன்னீரில் வாழக்கூடியது என்பதால் அந்தப் பெயர். உப்பு அதற்குப் பகையில்லை. ஒரே இனத்தில் சில ஆற்றோடு ஏறிவிடும், சில வாவியிலேயே வயதாகும், சில ஏறியும் இறங்கியும் திரியும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. மாரியில் ஆறுகளின் வெள்ளம் விழுந்து தண்ணீர் தித்திக்கும், கோடையில் உவர்க்கும். பல மீன்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் சித்திரவதை. விலாங்குக்கோ மேடை கட்டிக் கொடுத்த மாதிரி. அதற்கு வேண்டியது இரண்டுதான்: பகலில் நுழைந்து கிடக்க ஒரு பொந்து, இரவில் தின்ன இறாலும் நண்டும். கண்டல் வேரடி, பாலத்துக் கல்லடுக்கு, வாய்க்கால் மதகின் வெடிப்பு, அமிழ்ந்து கிடக்கும் பனங்குற்றி என்று எங்கும் பொந்து பார்த்துக்கொள்ளும். கண்டலை வெட்டிக் கரையை நிரவிவிட்டால் இறாலோடு சேர்ந்து இதற்கும் வீடு போகும்.

வேறு எந்த நாடுகளில் இருக்கிறது?

பைகலர் இந்து சமுத்திரத்தைச் சுற்றி இருக்கிறது: கிழக்கு ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா, இலங்கை, மியன்மார், இந்தோனேசியா, வடமேற்கு அவுஸ்திரேலியா. பிலிப்பைன்ஸ் பக்கம் இதன் துணையினம் ஒன்று உண்டு. பெங்காலென்சிஸ் பாகிஸ்தானிலிருந்து இந்தியா, நேபாளம், வங்காளதேசம், இலங்கை, மியன்மார் எனச் சுமத்திரா வரை. அதன் ஆபிரிக்கத் துணையினம் சம்பேசி போன்ற ஆறுகளில். நேபாளத்துக்குக் கடற்கரையே இல்லை. கடலில் பிறந்து அங்கே போய்ச் சேருகிறதென்றால் இதன் கால் எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலாங்கில் சினையைக் கண்டதே இல்லையே, ஏன்?

காணவே முடியாது. விராலைப் பிளந்தால் சினை தெரியும். விலாங்கு வாவியிலோ குளத்திலோ இருக்கும்வரை சினை முதிர்வதில்லை. புறப்படும் காலம் வந்ததும் அதன் உடம்பே மாறும். கண் பெருக்கும், முதுகு கறுக்கும், வயிறு வெள்ளி பூசும், தின்பதை நிறுத்தும், குடல் சுருங்கும். சேர்த்து வைத்த கொழுப்பை மட்டும் நம்பி ஆழ்கடலுக்கு நீந்தும். சினை முற்றுவது அந்த வழியில்தான். முட்டையிட்டதும் செத்துவிடும், திரும்பி வருவது ஒன்றுமில்லை.

முட்டை பொரித்து வரும் குஞ்சு விலாங்கு போலவே இராது. வேப்பிலை அளவுத் தட்டையான கண்ணாடித் துண்டு. அது நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து கரையை நெருங்கும்போது உருண்டு, ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் நீளமான கண்ணாடிக் குஞ்சாகும். உடம்பு ஊடே பின்னாலிருப்பதெல்லாம் தெரியும்; கண் மட்டும் இரண்டு கரும்புள்ளி. அந்தக் கோலத்தில்தான் முகத்துவாரத்துக்குள் வருகிறது. கூனி இறாலுக்கு அத்தாங்கு இழுக்கிறவர்கள் ஒளிபுகும் நூல் மாதிரி ஏதோ துள்ளக் கண்டிருக்கலாம். உள்ளே வந்து நிறம் ஏறிய பிறகே நமக்கு அது விலாங்காகத் தெரிகிறது.

எங்கே பொரிக்கிறது? 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய டென்மார்க்கின் டானா கப்பல், சுமத்திராவுக்கு மேற்கே ஆழ்கடலில் பைகலரின் சின்னக் குஞ்சுகளை வாரியெடுத்தது. அங்கே மென்டவாய்த் தீவுகளை ஒட்டிய ஆழ்பள்ளப் பக்கம் ஒரு முட்டையிடும் இடம் என்று அதை வைத்து 1942 இல் எழுதினார்கள். மடகஸ்காருக்குக் கிழக்கே இன்னொன்று என்று பிறகு வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இந்த மீன் மறைக்கும் கலையில் எப்படிப்பட்டதென்றால், சந்தைக்குச் சந்தை விற்கும் ஜப்பான் விலாங்கின் முட்டையையே கடலில் முதன்முதல் எடுத்தது 2009 இல்தான்.

முகத்துவாரம் வெட்டுவதற்கும் விலாங்குக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே. கோடையில் அலை மணலைக் குவித்து வாயை மூடிவிடும். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் தண்ணீர் ஏறும்போது மணற்றிட்டை வெட்டி விடுவார்கள். வெட்டுவது வெள்ளாமையைக் காக்க. ஆனால் அதே வழியால்தான் கண்ணாடிக் குஞ்சு உள்ளே வர வேண்டும், வெள்ளி பூசிய பெரிய விலாங்கு வெளியே போக வேண்டும். பெரியவை புறப்படுவது மழை வெள்ளத்தில், நிலாவில்லாத இருட்டில். திருக்கோவில், கோமாரி, பொத்துவில் பக்கத்துக் களப்புகளுக்கும் இதே கதைதான். எப்போது வெட்டுவது என்பதில் வயற்சொந்தக்காரரான போடிமாருக்கும் மீன்பிடிக்காரருக்கும் நடக்கும் இழுபறி தெரிந்ததே. அந்தப் பேச்சில் விலாங்குக்கு ஆள் இல்லை.

குளத்துக்குள்ள மீன்குஞ்சு விட்டது நாங்க. விலாங்கு விட்டது ஆரு?

ஒருவரும் விடவில்லை, தானே ஏறி வந்தது. குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழி) பாயும்போது அந்த வானிலிருந்து ஆறு வரைக்கும் ஈரத் தொடர்பு ஒன்று உண்டாகிறது. சிறு விலாங்கு அந்த ஈரத்தில் பாசி பிடித்த கொங்கிறீற்றிலும் உடம்பை ஒட்டி ஏறும். தோலாலும் மூச்சு வாங்க முடியும் என்பதால், மழை இரவில் நனைந்த புல்லுக்குள்ளால் வரம்பு தாண்டிப் போவதும் உண்டு. வயலோரக் கிணற்றில் விலாங்கு கிடப்பதன் மர்மமும் இதுதான். கிணற்றுக்குள் விழுந்த விலாங்கு பல்லாண்டு உயிரோடு கிடக்கும்; வழி இல்லாததால் கடலுக்குப் போகாது, முட்டையிடாது.

உன்னிச்சை, நவகிரி, றூகம் போன்ற குளங்களில் அணைக்கு மேலே எத்தனை விலாங்கு இருக்கும் என்பதைக் குளத்தின் பரப்பு தீர்மானிப்பதில்லை. கீழே ஆறு வரை எத்தனை தடை, ஒவ்வொரு தடையும் எவ்வளவு உயரம் என்பதே கணக்கு.

சேனாநாயக்க சமுத்திரம்?

1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய அணை அது. அவ்வளவு உயரச் சுவர் ஏறுகிற சின்ன விலாங்குக்கே பெரும்பாடு, பெரியதுக்கு முடியவே முடியாது. சமுத்திரத்தில் ஒன்று அகப்பட்டால் அது கீழிருந்து ஏறியது. அங்கேயே பிறந்ததாக இருக்க வழியில்லை. இறங்கும் பயணமும் சுகமில்லை. அணையடியில் மின் நிலையம் இருக்கிறது. சுழலியில் நீளமான மீன் படும் பாடு உலகம் எங்கும் ஒன்றுதான். அம்பாறையில் விலாங்கு பார்க்க வேண்டுமென்றால் அணைக்குக் கீழே, களியோடை ஆற்றுப் பக்கமும் கரையோரக் களப்புகளிலும் தேடுவது புத்தி.

மின்சாரம் அடிக்குமா?

அடிக்காது. மின்விலாங்கு தென்னமெரிக்காவில், அதுவும் உண்மையான விலாங்கே இல்லை.

எப்படிப் பிடிப்பது? கையில் நிற்குதில்லையே.

இரவு, மழை பெய்து தண்ணீர் கலங்கிய பிறகு. மண்புழு, இறால், மீன் துண்டு எதற்கும் வரும். மூங்கில் பறியைப் பொந்துப் பக்கம் தாழ்த்தி வைத்தாலும் நுழையும். தூண்டிலில் பட்டதும் விரால் மாதிரி ஓடாது; பின்வாங்கி வாலை வேரில் சுற்றிக்கொள்ளும், ஏதோ குற்றியில் கொளுவிவிட்டது என்று நினைப்பீர்கள். மெதுவாக, ஆனால் விடாமல் இழுக்க வேண்டும். தண்ணீரை விட்டு எழும்பியதும் தங்கூசி நூலிலேயே முறுக்கி ஏறி முடிச்சுப் போடும். வெள்ளை வழும்பு நூலெல்லாம் அப்பும். வெறுங்கையால் பிடிக்கப் போராடாதீர்கள். சணல் சாக்கால் பொத்திப் பிடித்தால் அடங்கும். தூண்டிலை விழுங்கியிருந்து, விடப்போகும் சிறு விலாங்கானால் கிண்டாமல் தங்கூசியை வாயடியில் வெட்டிவிடுங்கள்.

வாவியில் முதலை உண்டு. இரவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பறி வைக்க வேண்டாம். வெடியும் நஞ்சும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க மீன்பிடிச் சட்டப்படி குற்றம். பொந்துக்குள் மருந்து ஊற்றுவதும் அதில் அடக்கம்.

விலாங்கின் இரத்தம் நஞ்சு என்கிறார்களே, சாப்பிடலாமா?

இரத்தத்தில் நச்சுப் புரதம் உண்டு, அது உண்மை. பச்சையாகப் போனால் கெடுதல். வெட்டும்போது கண்ணிலோ காயத்திலோ பட்டால் எரியும். சூட்டில் அந்தப் புரதம் அழிந்துவிடும், ஆகவே கொதித்து வெந்த கறிக்குப் பயமில்லை. விலாங்கை விரும்பித் தின்னும் ஜப்பான்காரர், பல மீனைப் பச்சையாக உண்டாலும், இதைப் பெரும்பாலும் சுட்டோ அவித்தோதான் உண்கிறார்கள்.

சாம்பல் போட்டு உருவினால் வழும்பு போகும். பிறகு உப்பும் புளியும் பூசிக் கழுவலாம். இறைச்சியில் நெய்ப்பற்று அதிகம், ஆகவே தேங்காய்ப்பாலைக் குறைத்து, மிளகும் உள்ளியும் புளியும் தூக்கலாக வைத்து ஆணத்தை வற்றவிட்டால் நன்றாகச் சேரும்.

முஸ்லிம்கள் சாப்பிடலாமா?

நம் பக்கம் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் மீன் இனம் உண்ண ஆகும் (ஹலால்), விலாங்கும் மீன்தான். உருவம் பிடிக்காமல் ஒதுக்குகிறவர்கள் உண்டு, அது நாக்கின் விருப்பம். ஐயமிருந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழிந்து வருகிறதா?

நமது இரண்டு இனங்களையும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அச்சுறுத்தலை அண்மித்தவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. அணைகளும் கண்டல் அழிவும் ஒரு பக்கம். மறுபக்கம் சந்தை. ஐரோப்பிய விலாங்கின் வணிகத்தை 2009 முதல் அனைத்துலக உடன்படிக்கை கட்டுப்படுத்தியது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதியையே நிறுத்தியது. ஜப்பான் விலாங்கும் அருகியது. பிறகு கிழக்காசியப் பண்ணைகளின் கண் தென்கிழக்காசியாவின் பைகலர் குஞ்சுகள் மேல் விழுந்தது. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் கண்ணாடிக் குஞ்சைக் கிலோக் கணக்கில் அள்ளியது அதற்காகத்தான்.

அப்படியென்றால் விலாங்கு வளர்த்து விற்கலாமே?

குஞ்சு எங்கிருந்து வரும்? அதுதான் தடை. திலாப்பியாவைத் தொட்டியில் விட்டால் தானாகப் பெருகும், விலாங்கு பெருகாது. ஆய்வுகூடத்தில் முட்டையிலிருந்து மறுபடி முட்டை வரை ஜப்பானில் கொண்டுவந்தது 2010 இல். செலவோ மிகக் கனம். உலகத்து விலாங்குப் பண்ணைகள் இன்றும் கடலிலிருந்து வரும் குஞ்சை அள்ளித்தான் நடக்கின்றன. "விலாங்குக் குஞ்சு தாறம், மூன்று மாதத்தில் இலாபம்" என்று ஒருவர் வந்தால், அந்தக் குஞ்சு எந்த முகத்துவாரத்தில் அள்ளியது, அள்ள அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரே தொட்டியில் விட்டால் பெரியது சின்னதைத் தின்னும் என்பதையும் அவர் சொல்லியிருக்கமாட்டார்.